கலரி சேர்விஸ் எழும்புதில்லை, ஆராவது பாருங்கோ

திருமலைப் படக்கடை: என்.சி. வீதியில சின்ன ஸ்டூடியோ வச்சிருக்கிறன். கலியாண வீட்டுக்காரர் ஆல்பத்துக்குப் படம் தெரிவு செய்யிற கலரி ஒண்டு கடை உபுண்டு மெஷினில ஓடுது. நேற்றிரவு கரண்ட் போய் வந்ததில இருந்து சேர்விஸ் எழும்புதேயில்லை. ஸ்டேட்டஸில 'ஸ்டார்ட் ரிக்குவெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி' எண்டு நிக்குது. ரெண்டு தரம் ரீஇன்ஸ்டோல் பண்ணியும் பாத்திட்டன். நாளைக்கு நிலாவெளியில இருந்து ஒரு குடும்பம் வருகினம்.

கன்னியாக்காரன்: தம்பி, ரீஇன்ஸ்டோலை விடும். அந்த வரி காரணம் இல்லை. 10 செக்கனுக்குள்ள 5 தரம் எழுப்பியும் விழுந்தால், சேர்விஸுகளை எழுப்பிற சிஸ்டம்டி இனி ஏலாது எண்டு கைவிட்டிடும், அவ்வளவுதான். முதல் தரம் ஏன் விழுந்தது எண்டதுதான் வேணும். லொக்கைக் காட்டுற ஜேர்னல்சிடிஎல்லுக்கு மைனஸ் பி (இந்த பூட் மட்டும்), மைனஸ் யு, சேர்விஸின்ர பேர் குடுத்து மேல இருந்து வாசியும். முன்னால சூடோ (அட்மின் உரிமை) போட மறக்காதேயும்.

திருமலைப் படக்கடை: மேல '200/சிஎச்டிஐஆர்' எண்டு கிடக்கு அண்ணா. பெர்மிஷனோ?

கன்னியாக்காரன்: இருக்கலாம். 200 எண்டால் உம்மட புரோகிராம் ஓடவே தொடங்கேல்லை. வேர்க்கிங் டிரெக்டரிக்குள்ள போகேலாமல் வாசலிலயே நிண்டிட்டுது. அந்த போல்டர் எங்க?

திருமலைப் படக்கடை: வெளி ஹாட் டிஸ்க்கில. மவுண்ட் ஆகித்தான் (மெஷினோட இணைஞ்சுதான்) இருக்கு, டிஸ்க் அளவு காட்டுற டிஎஃப் அடிச்சால் 29ஜீ எண்டு காட்டுது.

கன்னியாக்காரன்: கலியாணப் படமெல்லாம் 29 ஜீபி டிஸ்க்கிலயோ?

திருமலைப் படக்கடை: இல்லை, அது 1 டீபி... பொறுங்கோ. உள்ள என்ன கிடக்கு எண்டு எல்எஸ் அடிச்சன், எல்லாம் பாட்டு ஃபைல்! அக்காட மகன்ர பென்டிரைவ். மெஷினுக்குப் பின்னால குத்தினபடி நிக்குது.

உப்புவெளி: எங்கட கடையிலயும் ஒருக்கா இதே கூத்து.

கன்னியாக்காரன்: எந்த டிஸ்க் எங்க மவுண்ட் ஆகோணும் எண்டு சொல்லுற எஃப்எஸ்டாப் ஃபைலில, டிஸ்க்கின்ர பேரை எஸ்டிபி1 எண்டுதானே எழுதியிருக்கிறீர்? பூட் ஆகேக்க பென் முந்தி அந்தப் பேரை எடுத்திட்டுது, உம்மட டிஸ்க் எஸ்டிசி ஆகிட்டுது. பென்னைக் கழட்டினால் இண்டைக்குச் சரி, இன்னொரு நாள் திரும்ப வரும். பிளாக்ஐடி அடிச்சு டிஸ்க்கின்ர யூயூஐடியை (குத்திற ஒழுங்கு மாறினாலும் மாறாத அடையாளம்) எடுத்து எஸ்டிபி1 இருக்கிற இடத்தில போடும். பிறகு மாத்தினதைச் சிஸ்டம்டி திரும்ப வாசிக்க டீமன்-ரீலோட், பென்னை அன்மவுண்ட் பண்ணி, எஃப்எஸ்டாப்பில உள்ளதை மவுண்ட் பண்ண மவுண்ட் மைனஸ் ஏ, கடைசியா பழைய தோல்விக் கணக்கை அழிக்க ரீசெட்-பெயில்ட் போட்டு ஸ்டார்ட்.

திருமலைப் படக்கடை: எழும்பிட்டுது அண்ணா! பென்னைக் குத்தி வச்சபடியே ரெண்டு தரம் ரீபூட் பண்ணியும் பாத்தன், கலரி வருது. மருமகன் பென்னைக் கேட்டுப் பக்கத்தில நிக்கிறான்.