நாலு அடுக்கு இஃப்பைப் பிரித்ததும் ஃபங்ஷன் உடைகிறது (பைத்தான்)

கேள்வி:
டெலிவரி கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷன். வெளியே "இஃப் ஆர்டர் அண்ட் ஆர்டர்.முகவரி". அதற்குள் ரத்தாகவில்லையா, அதற்குள் உறுப்பினரா, அதற்குள் எடைக்கு எலிஃப் (முந்தைய நிபந்தனை பொய்யானால் சோதிக்கும் அடுத்த நிபந்தனை) வரிசை. எந்த எல்ஸ் எந்த இஃப்புடையது என்றே தெரியவில்லை. அடுக்கைக் குறைக்க முதல் வரியை "இஃப் நாட் ஆர்டர் அண்ட் நாட் ஆர்டர்.முகவரி: ரிட்டர்ன் நன்" என்று திருப்பினேன். இப்போது ஆர்டர் 'நன்' (மதிப்பே இல்லை என்பதற்கான பைத்தான் சொல்) ஆக வந்தால் அட்ரிபியூட்எரர் (இல்லாத பண்பைக் கேட்டால் வரும் பிழை); முகவரி இல்லாத ஆர்டருக்கோ கட்டணம் விழுகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
திருப்பும்போது அண்ட் என்பது ஆர் ஆக மாற வேண்டும் (டி மார்கன் விதி). "நாட் ஆர்டர் ஆர் நாட் ஆர்டர்.முகவரி" என்று எழுதுங்கள். ஆர்டர் இல்லையென்றால் இடப்பக்கமே ட்ரூ. பைத்தான் வலப்பக்கத்தைத் தொடாது, எரர் வராது. நீங்கள் எழுதிய அண்ட்டில் இடப்பக்கம் ட்ரூ ஆனால்தான் வலப்பக்கமே ஓடும், அதாவது ஆர்டர் இல்லாதபோது மட்டும்! வரிசையும் முக்கியம்: ஆர்டர் சோதனை எப்போதும் முதலில்.

அடுத்து "இஃப் ரத்து: ரிட்டர்ன் நன்", பிறகு "இஃப் உறுப்பினர்: ரிட்டர்ன் 0". ரிட்டர்னுக்குப் பிறகு எல்ஸ் தேவையில்லை. எடைக் கணக்கு கடைசியில் ஒரே அடுக்கில் நிற்கும்.

பதில் 2:
கை வைக்கும் முன் டெஸ்ட் எழுதிவிடுங்கள். ஆர்டரே இல்லாத நிலை 1. ஆர்டர் இருந்தால் முகவரி, ரத்து, உறுப்பினர் மூன்றுக்கும் சேர்த்து 8. மொத்தம் 9 வரிதான், பைடெஸ்ட் (டெஸ்ட் ஓட்டும் கருவி) பாராமெட்ரைஸில் (ஒரே டெஸ்ட்டைப் பல உள்ளீடுகளுக்கு ஓட்டும் வசதி) அடங்கிவிடும். பழைய நிரல் தரும் விடைகளையே எதிர்பார்ப்பாக வையுங்கள். ஒரு இஃப்பை மாற்றி ஓட்டுங்கள், பச்சை (எல்லா டெஸ்ட்டும் பாஸ்) வந்தபின் அடுத்தது.

இன்னொன்று, கூப்பிடும் இடத்தில் "இஃப் நாட் கட்டணம்" இருக்கிறதா பாருங்கள். அங்கே 0, 'நன்' இரண்டும் ஒன்றாகிவிடும். இலவச டெலிவரி பெறும் உறுப்பினரின் ஆர்டர் நிராகரிக்கப்படும். "இஸ் நன்" என்றே சோதிக்க வேண்டும்.

கேட்டவர்:
ஆர் மாற்றியதும் 9 டெஸ்ட்டும் பாஸ். எடை எலிஃப்பை டிக்ஷனரி (சாவிக்கு மதிப்பு தரும் அட்டவணை) ஆக்கலாமா? 1 கிலோ வரை 40, 5 கிலோ வரை 70, அதற்கு மேல் 100.

பதில் 3:
வேண்டாம். டிக்ஷனரி சரியாக அதே சாவிக்குத்தான் பொருந்தும், 2.3 கிலோ வந்தால் கீஎரர் (அந்தச் சாவி இல்லை என்ற பிழை). மூன்று வரி எலிஃப் படிக்க எளிது, அப்படியே விடலாம். எடைப் படிகள் பத்தாகப் பெருகினால் பைசெக்ட்_லெஃப்ட் (வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு மதிப்பு எந்த இடத்தில் விழும் என்று சொல்லும் ஃபங்ஷன்). [1, 5] எல்லைகள், [40, 70, 100] கட்டணங்கள். பைசெக்ட்_ரைட் போட்டால் சரியாக 1 கிலோவுக்கு 70 வரும், கவனம். 1, 1.01, 5, 5.01 நான்கையும் டெஸ்ட்டில் சேருங்கள்.