பள்ளிக் கூரைக்குக் கடைக்காரர் காசு: வாங்கலாமா, வேண்டாமா?

சாட்ஸ்வொர்த் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தொடக்கப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான் பொருளாளர். போன வாரக் கூட்டத்தில் கிளம்பிய சண்டை இன்னும் ஓயவில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துத் தமிழர்கள் நாலு பேர் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கலாமே என்று இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்து, இரும்புக்கடை வைத்து முன்னுக்கு வந்த ஒருவர், பள்ளியின் ஒழுகும் கூரையை மாற்றித் தருகிறேன், இரண்டு வருடத்துக்கு ஓர் ஆசிரியரின் சம்பளமும் தருகிறேன் என்கிறார். பதிலுக்குக் கேட்பது, வாசல் கேட்டின் மேல் தன் கடையின் பெயர். குழுவில் பாதிப் பேர் உடனே கையெழுத்துப் போடு என்கிறார்கள். மீதிப் பேர், அரசுப் பள்ளியை விற்கப் பார்க்கிறாயா என்று என் மேலேயே பாய்கிறார்கள்.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அரசு பள்ளிகளை, ஏழ்மையிலிருந்து வசதி வரை, குவின்டைல் என்ற ஐந்து படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் மூன்றில் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டாம். நாங்கள் ஐந்தாவது, அதாவது 'வசதியான' பள்ளி. பள்ளியைச் சுற்றியுள்ள வட்டாரத்தின் கணக்கெடுப்பைப் பார்த்துப் போடும் தரம் அது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் பாட்டில்பிரஷ் குடிசைகளிலிருந்து நடந்து வருகிறவர்கள். 2023இல் கட்டணமில்லாப் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு அரசு தரும் தொகை 1,602 ராண்ட் என்று தேசிய அளவில் வைத்தார்கள். ஐந்தாம் குவின்டைலுக்கு 277 ராண்ட். ஆசிரியர் சம்பளம் தனி. ஆனால் நோட்டு, மின்சாரம், தண்ணீர், உடைந்த ஜன்னல் எல்லாம் இதற்குள்தான், ஒரு வருடம் முழுக்க.

மீதியைப் பிரியாணி விற்றுத்தான் சமாளிக்கிறோம். போன ஜூனில் விடியற்காலை மூன்று மணிக்குப் பள்ளி முற்றத்தில் விறகு மூட்டி மூன்று பெரிய அண்டா ஏற்றினோம். ஏழு பெண்கள் குளிரில் விறைத்த கையோடு உருளைக்கிழங்கு உரித்தோம். அதில் இரண்டு பேர் கட்டணம் கட்ட முடியாமல் விலக்கு வாங்கிய தாய்மார்கள். யாரும் கூப்பிடாமலே வந்தவர்கள். மதியம் கடைசிப் பெட்டி விற்றுத் தீர்ந்தபோது, செலவு போக மிஞ்சியது ஒரு ஜோஜோ தண்ணீர்த் தொட்டிக்குச் சரியாக இருந்தது. கூரைக்கு எத்தனை அண்டா ஏற்றுவது?

கரும்புத்தோட்டப் பேரன் எழுதியது:

அக்கா, தயங்காமல் வாங்குங்கள். டர்பன் இருக்கும் இந்த நட்டால் மாகாணத்தில் நம் பிள்ளைகள் எழுத்துப் படித்ததே இப்படித்தான். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட வேண்டும் என்று அன்றைய ஆட்சிக்கு எந்த அவசரமும் இல்லை. பவுனுக்குப் பவுன் என்றார்கள். பவுன் என்றால் அன்றைய பணம், பவுண்ட். நீ ஒரு பவுன் சேர்த்தால் நான் ஒரு பவுன் தருகிறேன் என்பதுதான் கணக்கு. கோவில் கமிட்டி, காய்கறித் தோட்டக்காரர், கடைக்காரர், கரும்பாலைக் கூலி எல்லோரும் சேர்த்துச் சேர்த்துக் கட்டினார்கள். 1950களில் கூட நட்டாலின் இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலானவை அப்படிச் சமூகம் கட்டி அரசு உதவி பெற்ற பள்ளிகள்தான்.

1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரி எப்படி வந்தது? இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரி ஊர் ஊராகப் போய்க் கேட்டார், நம் மக்கள் கொடுத்தார்கள். எம். எல். சுல்தான் 1890இல் கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர். தொழிற்கல்லூரி கட்ட 1940களில் 17,500 பவுன் கொடுத்தார். அது இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அவர் பெயரை வைத்ததால் யாருக்கு என்ன குறைந்தது?

என் தாத்தா மவுண்ட் எட்ஜ்கோம்பில் கூலி வேலை பார்த்தவர். பள்ளிக்கூடக் காசு என்று ஒரு தகர டப்பாவை அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார் என்று அப்பா சொல்வார். அரிசி வாங்கக் காசு இல்லாத வாரத்திலும் அந்த டப்பாவைத் தொடமாட்டாராம்.

ஃபீனிக்ஸ் வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் தாத்தாவின் டப்பாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நானும் அப்படிக் கட்டிய பள்ளியில் படித்தவன்தான். இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிளட்டூன் வகுப்பு நடக்கும். மதியக் கூட்டத்தில் நான். வெயிலில் கண் சொக்கும், கரும்பலகை தெரியாது.

ஆனால் அவர்கள் ஏன் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. இந்த நாட்டின் பிள்ளைகள் என்று யாரும் அவர்களை எண்ணவில்லை. வரியும் கட்டி, பள்ளியும் கட்டினார்கள். அது தண்டம். அந்தத் தண்டம் நீங்க வேண்டும் என்றுதான், எல்லோருக்கும் வாக்குரிமை வந்த 1994 வரை போராடினோம். 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பொதுப் பள்ளிகளுக்குப் பொதுப் பணத்திலிருந்து நியாயமான முறையில் நிதி தருவது அரசின் கடமை என்கிறது. கூரை ஒழுகினால் கேட்க வேண்டிய இடம் அது. கடைக்காரர் கூரை போட்டுவிட்டால் அந்தக் கடமையை யாரும் அரசுக்கு நினைவூட்டப் போவதில்லை. 'இந்தப் பள்ளிதான் சமாளித்துக்கொள்கிறதே' என்று பட்டியலில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்.

இன்னொன்று. நான் வேலை பார்த்த கடைசிப் பள்ளிக்கு ஒரு நிறுவனம் இருபது கம்ப்யூட்டர் கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். அலாரத்துக்கு மாதாமாதம் யார் கட்டுவது, ரிப்பேருக்கு யார் வருவார் என்று ஒருவரும் பேசவில்லை. இரண்டு தடவை திருட்டு. மிஞ்சிய ஆறு கம்ப்யூட்டரையும் அறையில் வைத்துப் பூட்டி, வெளியே தெரியாமல் இருக்க ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினோம். நான் ஓய்வு பெற்ற நாளில் அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன். கீபோர்டு மேல் பல்லி முட்டை. கதவில் மட்டும் நிறுவனத்தின் பெயர் பளபளவென்று இருந்தது.

வெருலம் கணக்கன் எழுதியது:

வாத்தியார் ஐயா 34ஆம் பிரிவைச் சொன்னார். அதே சட்டத்தில் 36ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். அரசு தருவதோடு கூடுதலாக வளம் திரட்ட நிர்வாகக் குழு தன்னால் முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது அது. செய்யலாம் என்று விட்டுவிடவில்லை, செய்ய வேண்டும் என்றே இருக்கிறது. அக்காவின் குழு அந்தக் காசைக் கேட்காமல் இருந்தால்தான் தவறு.

அப்புறம், எழுத்தில் கவனம். நன்கொடை எந்த நிபந்தனையோடு வருகிறதோ அதன்படிதான் செலவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம். கூரைக்கு என்று எழுதினால் கூரைக்குத்தான், கழிவறைக் குழாய் வெடித்தாலும் அதிலிருந்து எடுக்க முடியாது. ஆகவே 'கூரைக்கும் அதன் பராமரிப்புக்கும்' என்று எழுதி வாங்குங்கள். கட்டிடத்தில் கை வைக்கும் முன் கல்வித் துறையின் அனுமதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கடைக்காரருக்கும் லாபம் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பள்ளிக்கு 18ஏ அங்கீகாரம், அதாவது நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் அங்கீகாரம், இருந்தால் அவர் கொடுப்பதை, வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். பெரிய கம்பெனி என்றால் கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்புக்காகக் கம்பெனிகளுக்குப் போடும் மதிப்பெண்ணிலும் சேரும். வரி போன லாபத்தில் 1 சதவீதத்தைச் சமூக மேம்பாட்டுக்குக் கொடுத்தால் அதற்கென்று புள்ளி இருக்கிறது. அந்தக் காசு எப்படியும் எங்கேயோ போகப் போகிறது. சாட்ஸ்வொர்த்துக்கு வரட்டுமே.

ஃபீனிக்ஸ் வாத்தியார் எழுதியது:

கணக்கரே, கணக்கிலேயே கேட்கிறேன். கம்பெனி வரி 27 சதவீதம். அவர் 100 ராண்ட் கொடுத்து வரியில் கழித்தால், அதில் 27 ராண்ட் அரசுக்கு வந்திருக்க வேண்டிய காசு. அதாவது நம் எல்லோருடைய காசு. ஆனால் எந்தப் பள்ளிக்கு, எந்த வேலைக்கு, யார் பெயரில் என்று தீர்மானிப்பது அவர் ஒருவர். இது சரியா?

வெருலம் கணக்கன் எழுதியது:

மீதி 73 ராண்ட் அவர் சொந்தக் காசு ஐயா. அதை அவர் காராகவும் வாங்கியிருக்கலாம்.

மாரிட்ஸ்பர்க் மாணவி எழுதியது:

நான் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். தமிழ் இப்போதுதான் எழுதப் பழகுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லோரும் கடைக்காரர் இருக்கும் ஊரைப் பற்றிப் பேசுகிறீர்கள். பயிற்சிக்காக என்னை துகேலா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே இரும்புக்கடை இல்லை, பிரியாணி செய்தால் வாங்க ஆளும் இல்லை. இந்தப் பக்கம் பழைய வெள்ளையர் பகுதிப் பள்ளிகளுக்கு, அங்கே படித்து இப்போது பெரிய வேலையில் இருப்பவர்கள் நீச்சல்குளம் கட்டித் தருகிறார்கள். தனியார் காசு தனக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் போகும். லிம்போப்போவில் 2014இல் மைக்கேல் கொமாபே என்ற ஐந்து வயதுப் பையன் பள்ளிக் குழிக் கழிவறைக்குள் விழுந்து செத்துப்போனான். அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு மறக்கவில்லை. அந்தப் பள்ளிக்கு யார் பெயர்ப்பலகை கேட்டு வந்திருப்பார்கள்?

கம்பெனிகள் கொடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரே பையில் போடட்டும். அரசும் வணிகர்களும் ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து 2013இல் அமைத்த தேசியக் கல்விக் கூட்டு அறக்கட்டளை இருக்கிறதே. அங்கே கொடுத்தால், எங்கே தேவை அதிகமோ அங்கே போகும்.

கரும்புத்தோட்டப் பேரன் எழுதியது:

தங்கச்சி, நன்றாகத்தான் எழுதுகிறாய். ஆனால் தனியார் காசு காட்டுக்குள் போகாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மண்டேலா பெரிய முதலாளிகளை நேரில் அழைத்து, கிராமத்தில் பள்ளி கட்டித் தா என்று கேட்டார். அவர்களும் கட்டினார்கள். கேட்பவர் யார் என்பதில் இருக்கிறது விஷயம். இரும்புக்கடைக்காரரைப் பொதுப் பையில் போடச் சொன்னால் போடவே மாட்டார். அவர் கொடுப்பது தான் உட்கார்ந்து படித்த வகுப்பறைக்கு.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் தண்ணீர் நிலையம் உடைந்தபோது மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரியில் தண்ணீர் கொண்டுவந்தது யார்? கோவில்களும், கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் மாதிரித் தொண்டு அமைப்புகளும், அவற்றுக்குப் பணம் கொடுத்த கம்பெனிகளும். அரசைக் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் பள்ளிக் கழிவறை என்ன ஆகியிருக்கும் வாத்தியாரே?

ஃபீனிக்ஸ் வாத்தியார் எழுதியது:

வெள்ளம் வேறு தம்பி. வெள்ளத்தில் யார் கை நீட்டினாலும் பிடிக்கத்தான் வேண்டும். கூரை ஒழுகுவது வெள்ளம் இல்லை, அது வருடா வருடம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டது.

எனக்குக் கூரையைவிட அந்த ஆசிரியரைப் பற்றித்தான் கவலை. ஒரு பெண் வருவாள், இரண்டு வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பழகுவாள். மூன்றாவது வருடம் கடையில் வியாபாரம் மந்தம் என்றால் அவளுக்கு வேலை இல்லை, பிள்ளைகளுக்கு டீச்சர் இல்லை. தகரத்தை நன்கொடையாக வாங்கலாம். மனுஷியை அப்படி வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மூன்றாம் வருடச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று எழுதிவிட்டு வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நேற்று அவர் கடைக்கே போனேன். குழுத் தலைவரும் வந்தார்.

கேட் வேண்டாம் அண்ணா, பிள்ளைகள் தினமும் நுழையும் வாசல் அது, உள்ளே ஹாலில் ஒரு கல் வைக்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஆலமரத்துக்குப் பின்னால் இருக்கிறதே அந்த அறையில்தான் நான் எண் படித்தேன், கல்லை அங்கே வையுங்கள் என்றார். பேரன் சொன்னது சரி, அவர் மனதில் இருப்பது அந்த அறைதான். மாணவியின் பொதுப் பையைப் பற்றியும் சொன்னேன். தலையாட்டினார், அதற்குமேல் பதில் இல்லை. உனக்கு அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது அம்மா.

பராமரிப்புக்கு ஒத்துக்கொண்டார். ஐந்து வருடம், வருடத்துக்கு ஒரு முறை மழைக்கு முன் அவருடைய ஆட்களே வந்து கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலைச் சுத்தம் செய்வார்கள். ஆசிரியர் சம்பளத்தில்தான் இழுபறி. மூன்றாம் வருடத்தைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லும்வரை ஆளை எடுப்பதில்லை என்று கூட்டத்தில் சொல்லப் போகிறேன். வியாழக்கிழமை வாக்கெடுப்பு.

கணக்கர் தம்பி, ஒப்பந்த வரைவை அனுப்பினால் புதன்கிழமைக்குள் பார்த்துத் தர முடியுமா? வாத்தியார் ஐயா, குவின்டைல் தரத்தை மாற்றச் சொல்லி மாகாணத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும், உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். கூரை வந்தாலும் அந்த 277ஐ விடுவதாக இல்லை. எந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்ற பதிவேடு என்னிடம் இருக்கிறது, நகல் எடுத்துக் கொண்டுவருகிறேன்.

ஃபீனிக்ஸ் வாத்தியார் எழுதியது:

எழுதித் தருகிறேன் அம்மா. சனிக்கிழமை காலை வாருங்கள். பதிவேட்டோடு மூன்றாம் வகுப்புக் கூரையின் படங்களும் வேண்டும். மழை பெய்யும்போது எடுத்தவையாக இருக்கட்டும், தரையில் வைத்த வாளியும் தெரிய வேண்டும்.