அப்பாவுக்கு புரோட்டீன் பவுடர் – குடும்பக் குழு

செந்தில்: அப்பாவுக்குக் கையெல்லாம் இளைச்சுப் போச்சு. ஹார்ட் ஃபெயிலியர்ல தசை கரையும்னு சொல்றாங்க. இந்த அமினோ ஆசிட் பவுடர் வாங்கலாமா? லேபிள் போட்டோ போட்டிருக்கேன்.

கலா அத்தை: இருடா, ஆர்டர் போடாதே. இன்னைக்கு எடை எவ்வளவு?

செந்தில்: 63 அத்தை. டிஸ்சார்ஜ் ஆனப்ப 60. நாலு நாளாத்தான் ஏறுது, கால்ல வீக்கமும் இருக்கு.

கலா அத்தை: அப்போ அது சதை இல்ல, தண்ணி. 3 நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறினாலே டாக்டர்கிட்ட சொல்லணும். முதல்ல போன் போடு, பவுடர் அப்புறம்.

செந்தில்: போட்டாச்சு. நாளைக்குக் காலையில வரச் சொன்னாங்க. மூச்சு வாங்கினா ராத்திரியே வரணுமாம்.

கலா அத்தை: சரி. புரோட்டீன் கணக்கு வீக்கம் வடிஞ்ச எடைக்குத்தான். கிலோவுக்குக் குறைஞ்சது 1.1 கிராம், 60-க்கு 66 கிராம். ஒரு முட்டையில 6, ஒரு டம்ளர் பால்ல 6 – 7 கிராம். குடலும் வீங்கியிருக்கும், அதான் நாலு வாயிலேயே போதும்ங்கிறார். மூணு வேளையை ஆறாப் பிரி, தட்டுல புரோட்டீனை முதல்ல சாப்பிடச் சொல்லு.

முருகன் மாமா: லேபிள் பார்த்தேன். ஆர்ஜினின்னு ஒரு அமினோ ஆசிட் 3 கிராம் போட்டிருக்கான், இது மச்சானுக்கு வேண்டவே வேண்டாம். மாரடைப்பு வந்தவங்களுக்கு தினம் 9 கிராம் வரைக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல வெளியாச்சு. ஆர்ஜினின் குழுவுல 6 பேர் இறந்தாங்க, இன்னொரு குழுவுல யாருமில்ல. ஆய்வையே நடுவுல நிறுத்திட்டாங்க.

முருகன் மாமா: பொட்டாசியமும் இருக்கு. மச்சான் சாப்பிடுற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை பொட்டாசியத்தை உடம்புலேயே தேக்கும், ரத்தத்துல அது ஏறினா இதயத் துடிப்பே தாறுமாறாகும். சாதா உப்புக்குப் பதிலா விக்கிற பொட்டாசியம் உப்பும் அதே கதைதான்.

கவிதா அக்கா: மாமா, எசென்ஷியல் அமினோ ஆசிட், அதான் உடம்பால தயாரிக்க முடியாதது, அது மட்டும் இருக்கிற பவுடர்?

முருகன் மாமா: காலை 4, மாலை 4 கிராம்னு கொடுத்த சின்ன ஆய்வுகள்ல நடக்கிற தூரம் கூடியிருக்கு. ஆனா கலந்துக்கிட்டவங்க கொஞ்சப் பேர்தான். ஆயுள் கூடும்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. 8 கிராம் தூளை நம்பி 66 கிராம் சாப்பாட்டை விட்டுடக் கூடாது.

கலா அத்தை: பவுடர் கலக்குற 200 மில்லி தண்ணியும் அண்ணன் ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணிக் கணக்குல சேரும். இதை எல்லாரும் மறந்துடுறாங்க.

செந்தில்: கிட்னி தாங்குமா? கிரியாட்டினின் நார்மல்னு போட்டிருக்கு.

முருகன் மாமா: அதை மட்டும் நம்பாதே. கிரியாட்டினின் தசையிலேர்ந்து வர்ற கழிவு, கிட்னிதான் அதை வெளியேத்தும். தசை குறைஞ்சா அதுவும் குறைஞ்சு, கெட்ட கிட்னிகூட நல்லா இருக்கிற மாதிரி காட்டும். தசையை அவ்வளவா சார்ந்திருக்காத சிஸ்டாட்டின் சி-ங்கிற ரத்தப் பரிசோதனை பார்க்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளு. கிட்னி பழுதாயிருந்தா 66-ங்கிற அளவே மாறும்.

கவிதா அக்கா: தசை தேறுதான்னு பார்க்க எடையை நம்பாதே செந்தில். தசை கரைஞ்ச இடத்துல தண்ணி சேர்ந்தா முள்ளு அப்படியே நிக்கும். கால் சுற்றளவும் வீக்கத்துல ஏமாத்தும். மேல் கைச் சுற்றளவை மாசம் ஒரு தடவை ஒரே இடத்துல அளந்து எழுது. வேலை கொடுக்காம வெறும் புரோட்டீனை மட்டும் ஏத்தினா தசை பெருசா ஏறாது. வீக்கம் வடிஞ்சு டாக்டர் சரின்னதும் நாற்காலியிலேர்ந்து எழுந்து உட்காரச் சொல்லு. 5 தடவையில ஆரம்பிக்கலாம். பெரியப்பா பேசிக்கிட்டே செய்ய முடியணும், மூச்சு முட்டினா அன்னைக்கு அதோட விடு.

செந்தில்: நாளைக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

கலா அத்தை: தினசரி எடை எழுதின நோட்டு, மாத்திரை எல்லாம், இந்த லேபிள் போட்டோ. அண்ணன் நேத்து என்னென்ன சாப்பிட்டார்னு அண்ணிகிட்ட கேட்டு இப்பவே எழுதி வை.