நம் குடும்பம்: மானுக்குத் தண்ணீர் எங்கே வைப்பது?

கோடியக்கரை சித்தப்பா: இன்று விடியற்காலையில் ஊர் எல்லையில் ஒரு பெண் வெளிமானை நாய்கள் குதறிவிட்டன. வனத்துறை ஆள் வருவதற்குள் உயிர் போய்விட்டது. சினை மான்.

வேதாரண்யம் அத்தை: ஐயோ! தண்ணீர் தேடித்தான் வெளியே வந்திருக்கும்.

கோடியக்கரை சித்தப்பா: வேறு எதற்கு அக்கா? காட்டுக் குளங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. அது பொய்த்தால் பங்குனிக்கே வெறும் சேறு. சுற்றிலும் கடலும் உப்புச் சதுப்பும். குடிக்க ஒரு வாய் கிடையாது.

சென்னை அண்ணன்: சித்தப்பா, நம் கொல்லை வேலியோரம் இரண்டு சிமெண்ட் தொட்டி வைக்கலாமா? பணம் அனுப்புகிறேன்.

கோடியக்கரை சித்தப்பா: வேண்டாம் தம்பி. ஊருக்குள் தண்ணீர் வைத்தால் மான் தினமும் ஊருக்குள் வரப் பழகும். நாய்க்கு அதைவிட வசதி என்ன வேண்டும்? காட்டுக்குள்ளேயே தொட்டி இருக்கிறது, லாரியில் தண்ணீரும் ஊற்றுகிறார்கள். ஆனால் காட்டுக் குதிரைக் கூட்டம் முதலில் வந்து குடித்துவிடுகிறது. மான் ஒதுங்கியே நிற்கும். கோடை முடியும்வரை கூடுதல் நடை தண்ணீர் வேண்டும், தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். நாம் கேட்க வேண்டியது அதைத்தான். 1967-லிருந்து சரணாலயம் இது. வெளிமானோ புலிக்குச் சமமாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தாகத்தில் சாகவிடலாமா?

வடுவூர் மாமா: மச்சான், எங்கள் ஏரியும் அப்படித்தான். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்காத வருடங்களில் ஏரிக்குத் தண்ணீர் வருவதே தாமதம். மழையும் ஏமாற்றினால் தை மாதமே தரை தெரிகிறது. நத்தைக்குத்தி நாரை தண்ணீருக்கு நடுவில் நிற்கும் கருவேல மரத்தில்தான் கூடு கட்டும். தண்ணீர்தான் அதற்கு வேலி. வற்றிவிட்டால் நாயும் கீரியும் மரத்தடிக்கே நடந்து வந்துவிடும். வயலும் காய்ந்துவிட்டால் நத்தை ஏது, தவளை ஏது? 2022-ல் எங்கள் ஏரியை ராம்சர் பட்டியலில், அதுதான் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்களே, அந்த மரியாதைக்காவது முறை வைத்துத் தண்ணீர் விடட்டும்.

வேதாரண்யம் அத்தை: 2016-ல் மழை பொய்த்தபோது கருகிய பயிரைக் கணக்கெடுக்க வந்தார்கள். அது நியாயம்தான். அந்த வயலை நம்பியிருந்த கொக்கை யார் கேட்டார்கள்?

சென்னை அண்ணன்: இப்போது நான் என்ன செய்யட்டும்?

கோடியக்கரை சித்தப்பா: மனுவைத் தட்டச்சு செய்து அனுப்பு. தொட்டி, தண்ணீர் நடை, தெருநாய்க் கருத்தடை மூன்றையும் எழுது. ஊர்க்காரர்களிடம் நான் கையெழுத்து வாங்குகிறேன். மீன் கழிவை எல்லையோரம் கொட்டுவதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும், நாய்கள் அங்கேதான் கூடுகின்றன.

வேதாரண்யம் அத்தை: அங்கே நம் வீட்டு நாயையும் இரவில் கட்டிப்போடு தம்பி.

கோடியக்கரை சித்தப்பா: கட்டிவிட்டேன் அக்கா.