சாக்கடைத் தண்ணீரை எதற்குப் பாட்டிலில் பிடிக்கிறார்கள்?

குழு: கே.கே.நகர் நம்ம தெரு

மேல்வீட்டு அக்கா: பம்பிங் ஸ்டேஷனில் இரண்டு பேர் கையுறை போட்டுக்கொண்டு சாக்கடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். நம்ம ஏரியாவில் ஏதாவது பரவுகிறதா?

கடைசி வீட்டு சார்: இன்னொரு குழுவில் புது வைரஸ் என்று ஓடுகிறது. பயமாக இருக்கிறது.

லேப் தம்பி: சார், தயவுசெய்து அதை இங்கே ஃபார்வர்டு செய்யாதீர்கள். கழிவுநீரைச் சோதிப்பது வழக்கமான வேலை. சோதிக்காமல் விட்டால்தான் பயப்பட வேண்டும்.

மேல்வீட்டு அக்கா: சாக்கடையில் அப்படி என்னப்பா தெரியும்?

லேப் தம்பி: நிறைய தெரியும் அக்கா. போலியோ, கொரோனா வைரஸ்கள் மலத்தில் வெளியேறும். காய்ச்சலே வராதவர் உடம்பிலிருந்தும் வரும். அவர் டாக்டரிடம் போகமாட்டார், எந்தக் கணக்கிலும் வரமாட்டார். ஆனால் கழிப்பறைக்குப் போவார் இல்லையா?

லேப் தம்பி: 2022இல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் தெரிந்தது. அங்கே ஒரு குழந்தைக்கும் கை கால் முடங்கவில்லை. அதற்குள்ளேயே 1 முதல் 9 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கூடுதல் தடுப்பூசி அறிவித்துவிட்டார்கள். நம் மும்பையில் 2001இலிருந்தே சாக்கடையில் போலியோவைத் தேடுகிறார்கள்.

எதிர்வீட்டு மாமி: மழை பெய்தால் எல்லாம் நீர்த்துப்போகுமே தம்பி, கணக்கு தப்பாதா?

லேப் தம்பி: சரியான கேள்வி மாமி! அதற்கு மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மிளகாய், குடைமிளகாயோடு வயிற்றுக்குள் போய், நமக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் அப்படியே வெளியே வந்துவிடும். அதன் அளவைப் பார்த்தால் மாதிரியில் மனிதக் கழிவு எவ்வளவு என்று பிடிபடும். அதோடு ஒப்பிட்டுத்தான் நோய்க்கிருமி கூடுகிறதா குறைகிறதா என்று சொல்வார்கள்.

எதிர்வீட்டு மாமி: யார் வீட்டில் நோய் என்று கண்டுபிடித்துவிடுவார்களா?

லேப் தம்பி: முடியாது மாமி. எத்தனையோ தெருத் தண்ணீர் கலக்கும் இடம் அது, ஏரியாதான் தெரியும். எனக்கு மனசு கேட்காத விஷயம் வேறு. செப்டிக் டேங்க் வைத்து லாரியில் இறைக்கும் வீடுகள் இதில் வருவதே இல்லை. புறநகரில் அப்படி எவ்வளவு வீடுகள்!

கடைசி வீட்டு சார்: முலாம் பூசும் பட்டறைக்காரர்கள் ராத்திரியில் மேன்ஹோலில் அமிலத் தண்ணீர் ஊற்றினால்?

லேப் தம்பி: அதுவும் தெரியும் சார். நெசப்பாக்கம் மாதிரி சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்பது பாக்டீரியாதான். அமிலம் நிறைய வந்தால் அவை செத்துவிடும், அழுக்குத் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். உள்ளே வரும்போதே அமிலத்தன்மையைப் பார்த்துவிட்டால் தடுக்கலாம்.

எதிர்வீட்டு மாமி: பேத்திக்கு ஒன்றரை வயதுச் சொட்டு மருந்து பாக்கி. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். யாராவது வருகிறீர்களா?

மேல்வீட்டு அக்கா: நானும் குட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் மாமி. 10 மணிக்குக் கிளம்பலாம். தடுப்பூசி அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.