புதுப்பிப்பு: கா-6 கிளைடர் சீக்கிரம் தரையிறங்கிவிடும் சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வீட்டு விமானச் சிமுலேட்டரில் ஆட்-ஆனாக (கூடுதலாகச் சேர்க்கும் விமான மாதிரியாக) போட்ட ஷ்லைஷர் கா-6 சிஆர் என்ற எஞ்சின் இல்லாத கிளைடர், காற்றில்லாத நேரத்தில் 1000 மீட்டர் உயரத்திலிருந்து 15 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் தரையைத் தொட்டுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். நிஜ விமானம் மணிக்கு 80 கிமீ வேகத்தில் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் மிதக்கும்.

விமானியின் எடையைக் குறைத்தும் பலனில்லை. எடை மாறினால் சிறந்த வேகம்தான் மாறும், மிதக்கும் தூரம் அப்படியே இருக்கும். வேலை செய்தது "ஏர்பிரேக் முழுசா மூடுதான்னு வெளியிலிருந்து பாருங்க" என்ற யோசனை. (ஏர்பிரேக் என்பது இறக்கையிலிருந்து எழும்பி, கிளைடரைச் சீக்கிரம் இறங்க வைக்கும் தகடு.) வெளிப்பார்வையில் இறக்கையை நெருங்கிப் பார்த்தால், மேல்பக்கம் பிரேக் தகடு ஒரு விரல் அளவு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது! த்ராட்டில் லீவரைத்தான் ஏர்பிரேக்குக்கு வைத்திருந்தேன். பழைய லீவர், கடைசி வரை தள்ளினாலும் பூஜ்யத்துக்கு வருவதில்லை. அந்த முனையில் டெட் ஸோன் (லீவர் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) 5 சதவீதம் வைத்ததும் தூரம் 28 கிலோமீட்டரைத் தொட்டது.

எதிர்பாராத ஒன்று: ஸ்டிக்கை இழுத்தால் வேரியோமீட்டர் (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) ஏற்றம் காட்டுகிறது. அது பிழையில்லை. இந்த ஆட்-ஆனில் இருப்பது வேக மாற்றத்தை ஈடுசெய்யும் குழாய் இல்லாத பழைய வகை வேரியோ, வேகம் உயரமாக மாறுவதையும் ஏற்றமாகவே காட்டும். அதை நம்பித் தெர்மல் (மேலெழும் வெப்பக் காற்று) என்று வட்டமடிக்க வேண்டாம். வேகம் நிலைத்த பிறகும் முள் மேலேயே நின்றால் மட்டும் வட்டமடியுங்கள்.