ஹேவ்லாக்கில் தண்ணீருக்குள் யாரைச் சந்தித்தீர்கள்?

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு 2018இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் போய்வருகிறவர்கள் பலர் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். ராதாநகர் கடற்கரையின் மணலையும் அங்கே சூரியன் மறைவதையும் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாயிற்று. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. தண்ணீருக்குள் தலையை விட்டபோது உங்கள் எதிரே வந்தது யார்? மீனோ, ஆமையோ, அந்தக் கதையைச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

எலிஃபன்ட் பீச்சில் ஸ்நார்கெலிங், அதாவது மூச்சுக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு மேலே மிதந்தபடி பார்ப்பது. கூட்டம் அதிகம், ஆளாளுக்கு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். சற்றுத் தள்ளி, பாறைத் திட்டின் ஓரத்தில் ஓர் அழுங்காமை. கிளி மூக்கு மாதிரி வளைந்த வாயால் பாறை இடுக்கிலிருந்து கடற்பஞ்சைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. வழிகாட்டித் தம்பி என் தோளை அழுத்தி, அசையாதே என்று சைகை காட்டினார். கையைக் காலை ஆட்டாமல் அப்படியே மிதந்தோம். அது எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் மேலே வந்து, என் முகத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தலையை நீட்டி ஒரு மூச்சு வாங்கியது. மூச்சுவிட்ட சத்தம் நன்றாகவே கேட்டது. அப்புறம் எங்கிருந்தோ கேமராவோடு நாலு பேர் துரத்தினார்கள், ஆமை போயே போய்விட்டது.

* * *

ஆமை பார்த்தவர் கொடுத்து வைத்தவர். எனக்கு வாய்த்தது கிளாத்தி!

கிளாத்தியில் பெரிய வகை ஒன்று உண்டு, டைட்டன் ட்ரிகர் ஃபிஷ் என்பார்கள். 75 சென்டிமீட்டர் வரை வளரும். டைவிங் போகிறவர்கள் சுறாவைவிட இதற்குத்தான் பயப்படுவார்கள். மணலில் குழி பறித்து முட்டையிட்டிருக்கும் சமயத்தில் யார் பக்கத்தில் வந்தாலும் பாயும். நாங்கள் ஒரு பாறைச் சரிவை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது, முன்னால் போன பயிற்றுநர் திடீரென்று திரும்பி, விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக் காட்டினார். அதுதான் இந்த மீனுக்கான சைகை. நான் பார்ப்பதற்குள் அது முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு வந்துவிட்டது.

பயத்தில் யாருக்கும் மேலே போகத்தான் தோன்றும். அதுதான் கூடாது. அது தன்னுடையது என்று காவல் காக்கும் இடம் கூட்டிலிருந்து மேலே போகப் போக அகலமாகிக்கொண்டே போகும். மேலே போனால் இன்னும் அதன் எல்லைக்குள்ளேயேதான் இருப்போம். சர்ரென்று மேலேறுவது நுரையீரலுக்கும் ஆபத்து. பக்கவாட்டில்தான் விலக வேண்டும், காலில் மாட்டிய ஃபின்னை (ரப்பர் துடுப்பை) அதன் பக்கம் காட்டியபடி. அப்படியேதான் செய்தேன். இடது ஃபின்னின் நுனியைக் கடித்து ஓர் உலுக்கு உலுக்கியது. கொஞ்சத் தூரம் விரட்டிவிட்டு, வந்த வேலை முடிந்தது என்பதுபோல் திரும்பிப் போயிற்று. ரப்பரில் பல் பதிந்த இடம் இன்னும் இருக்கிறது.

* * *

நீச்சல் தெரியாத நான் நெமோ ரீஃபில் முதல்முறை டைவிங் செய்தேன். சான்றிதழ் எதுவும் தேவையில்லை, பயிற்றுநர் நம்மைப் பிடித்தபடியே கூட்டிப் போவார், 12 மீட்டருக்குக் கீழே இறங்க மாட்டார்கள். காது வலித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். எனக்கு இந்த ஊதலுக்கே பாதி நேரம் போய்விட்டது.

பார்த்தது கோமாளி மீன் குடும்பம். பூ மாதிரி இருக்கும் உயிரினமான கடல் சாமந்திக்குள்ளிருந்து விரல் நீளம் கூட இல்லாத ஒன்று வந்து என் மாஸ்க் கண்ணாடியை முட்டியது. வீட்டம்மாவாம் அது! இந்த மீன்களில் எல்லாம் ஆணாகத்தான் பிறக்குமாம், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடுமாம், அந்தப் பெண் செத்தால் அடுத்த ஆண் பெண்ணாகும் என்று பயிற்றுநர் கரையேறியதும் சொன்னார்.

* * *

கிளாத்தி அண்ணா, உங்கள் 75 சென்டிமீட்டரைப் படித்ததும் ஒரு சந்தேகம். மாஸ்க் வழியாகப் பார்த்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். உங்களைத் துரத்தியது அரை மீட்டர்தானோ என்னவோ. 🙂

என் கதைக்கும் அந்தத் தள்ளுபடி உண்டு. ஜானிஸ் கார்ஜ் ஆழமான இடம், புதியவர்களைக் கூட்டிப் போக மாட்டார்கள். அங்கே பாறைக்கு அடியில் வெண்முனைச் சுறா ஒன்று தரையில் படுத்துக் கிடந்தது. சுறா நீந்துவதை நிறுத்தினால் செத்துவிடும் என்று பள்ளியில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த வகைக்கு அது பொருந்தாது, செவுளுக்குள் தண்ணீரைத் தானே இழுத்து விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருக்கும். இரண்டு மீட்டர் இருக்கும் என்று நினைத்தேன், கணக்குப் போட்டால் ஒன்றரைதான். எங்களைப் பார்த்துக் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. இரவானால்தான் அதற்கு வேட்டை.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஊர் திரும்பும் நாளில் டைவிங் வைத்துக்கொள்ளாதீர்கள். பலமுறை இறங்கினால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் டிக்கெட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

* * *

எல்லோரும் ஆசை காட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் பயம் காட்டுகிறேன். 2010இல் ராதாநகருக்குப் பக்கத்தில், நீல்ஸ் கோவ் பகுதியில் ஸ்நார்கெலிங் செய்த வெளிநாட்டுப் பயணி ஒருவரை உவர்நீர் முதலை கொன்றது. அந்தமானில் முதலை இருக்கிறது என்பது புதுச் செய்தி இல்லை. ஓடை வந்து கடலில் சேரும் இடத்திலும் அலையாத்திக் காட்டு ஓரத்திலும் இறங்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள், அதற்கு முன்னால் நின்று குளிக்காதீர்கள். நான் பார்த்த குடும்பம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

என் சந்திப்பு சின்னது. வரிவரியாக நீலமும் கறுப்புமாக ஒரு கடல் பாம்பு, மூச்சு வாங்க மேலே வந்து என் முழங்கையை உரசிக்கொண்டு இறங்கிப் போயிற்று. கடும் விஷம், ஆனால் சீண்டாதவரை கடிப்பது அபூர்வம் என்று படகோட்டி சொன்னார். அவர் சொன்னது கரையேறிய பிறகு.

நீல் தீவுப் பக்கம் கடல்பசுவைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தக் கதை கேட்க எனக்கு ரொம்ப நாள் ஆசை.